ஆடிட்டுக்கு முன்னாடி காத க்ளீன் பண்ண கத

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கெழம எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணு. காது கொடையணும்.

மேட்டர் இன்னான்னா, திங்கக்கெழம கம்பெனில மெடிக்கல்.

ஒரகடத்துல ஒரு ப்ரெஸ் ஷாப்ல நாலு வருஷமா லைன்ல நிக்கிறேன். தகடு எடுத்து உள்ள வெக்கணும். ரெண்டு பட்டன ஒண்ணா அமுக்கணும். மெஷின் டம்முனு எறங்கும். எடுத்து அந்தாண்ட வெக்கணும். மறுபடியும் தகடு. எட்டு மணி நேரம் இதான். சாயங்காலம் ஆனா என் முட்டி ரெண்டும் எங்கூட பேச்சுவார்த்த வெச்சிக்காது.

அப்ப பாத்து ஸ்டோர்ஸ்ல, சரக்கு தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட ஒரு ஆள் எடுக்கறாங்க. ஒக்காந்துகினு பாக்கற வேல. லைசென்ஸ் எடுத்துட்டேன், ட்ரெயினிங் முடிச்சிட்டேன், ஓட்டியும் காமிச்சிட்டேன். லிஸ்ட்ல மொத பேரு நான். ரெண்டாவது பேரு லோகு, என் பக்கத்து மெஷின்காரன்.

பாக்கி இருந்தது மெடிக்கல் மட்டும்தான். கண்ணு, பிபி, அப்பறம் காது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்றவனுக்கு ஆரன் கேக்கணும், விசில் கேக்கணும், பின்னாடி ஒருத்தன் "யோவ் நிறுத்துய்யா"ன்னு கத்தனா அதுவும் கேக்கணும். கேக்கலன்னா லோகு.

என் காதுல ஒரு கோளாறும் இல்ல. இத நல்லா ஞாபகம் வெச்சிக்கோங்க. வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆறு மணி வரைக்கும், வடக்குப்பட்டுல எங்க தெருக்கோடில ஒருத்தரு எண்ண சட்டில போண்டா போட்டாருன்னா அது எத்தினி போண்டான்னு இங்கருந்தே சொல்லுவேன். அப்பேர்ப்பட்ட காது.

அப்பறம் எதுக்குடா கொடைஞ்சன்னு கேப்பீங்க.

பழக்கம்தான். எங்க கம்பெனில ஆடிட் வருதுன்னா, மெஷின் ஓடுதா இல்லையான்னு எவனும் கேக்கமாட்டான். தொடச்சாச்சா, பெயின்ட் அடிச்சாச்சா, தரையில மஞ்ச கோடு போட்டாச்சா. நல்லா ஓடிகினு இருந்த மெஷின தொடைக்கறேன்னு போயி, ஒயர இஸ்து உட்டு, ஆடிட்டர் வர்ற நேரம் பாத்து அது நின்னுகினு இருந்த கதயெல்லாம் எங்ககிட்ட நெறைய கீது. ஆனாலும் அடுத்த ஆடிட்டுக்கும் தொடைப்போம்.

திங்கக்கெழம என் காதுக்கு ஆடிட். தொடைக்காம எப்பிடி காட்றது?

பட்ஸ் டப்பாவ எடுத்துகினு கண்ணாடி முன்னாடி நின்னேன். மொத வலது காது. உள்ள உட்டு ஒரு சுத்து சுத்தி வெளிய எடுத்தேன். நுனியில லேசா மஞ்சளா ஒட்டிகினு வந்துது. சரி, இதுக்கே இவ்ளோ வருதே, உள்ள எவ்ளோ ஸ்டாக் கீதோன்னு இன்னும் கொஞ்சம் உள்ள உட்டேன். இன்னும் கொஞ்சம். காது கொடையறப்ப ஒரு சொகம் வரும் பாருங்க, ஒரு கண்ணு தானா மூடிக்கும், வாயி ஒரு பக்கமா இஸ்துக்கும், அந்த சொகத்துல எவ்ளோ தூரம் போறோம்னே தெரியாது.

பொளுக்.

அவ்ளோதான். யாரோ ரூமுக்கு உள்ள இருந்து கதவ சாத்திகினு தாப்பா போட்ட மாதிரி வலது காது அடச்சிகிச்சு.

இங்க ஒரு புத்தி உள்ள ஆள் இன்னா பண்ணுவான்? பட்ஸ கீழ வெச்சிட்டு போயி ஒக்காருவான். நான் ப்ரெஸ் ஷாப்காரன். எங்க லைன்ல ஒரு மெஷின்ல ப்ராப்ளம் வந்தா, தப்பு மெஷின்லயா இல்ல டூல்லயான்னு கண்டுபுடிக்க, அதே டூல பக்கத்து மெஷின்ல மாட்டி ஓட்டி பாக்கணும். அதான் முறை.

அதே பட்ஸ், மறு மொனை, இடது காதுல உட்டேன்.

பொளுக்.

தப்பு டூல்லதான்னு கண்டுபுடிச்சிட்டேன். ஆனா இப்ப ரெண்டு மெஷினும் டவுன்.

அந்த நேரம் சமையக்கட்டுலருந்து அமுதா வந்தா. எங்க வூட்டுக்காரம்மா. பென்னலூராண்ட ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனில குவாலிட்டில வேல பாக்கறா. கண்ணுக்கு தெரியாத கீறல எல்லாம் கண்டுபுடிச்சி ரிஜக்ட் பண்றதுதான் வேல. அந்த கண்ணோடதான் வூட்டுக்கும் வருவா.

கைய ஆட்டி இன்னாவோ சொன்னா. எனக்கு கெணத்துக்குள்ள யாரோ பேசற மாதிரி கேட்டுது. சரின்னு தலையாட்டனேன். பைய எடுத்துகினு வெளிய போயிட்டா.

நான் டிவி போட்டேன். சவுண்ட் பத்தல, ஏத்தனேன். இன்னும் ஏத்தனேன். ஒக்காந்து பாத்துகினு இருந்தேன். தூரத்துல யாரு வூட்லயோ குக்கரு விசில் அடிச்சிகினே இருந்துது. நானும் கொஞ்ச நேரம் பொறுத்து பாத்தேன். பாவம், அந்த வூட்ல ஆளே இல்ல போலன்னு நெனச்சிகினேன்.

அப்ப அமுதா ஓடியாந்தா. நேரா சமையக்கட்டுக்கு போனா. திரும்பி வந்து டிவிய நிறுத்திட்டு, என் மூஞ்சிகிட்ட மூஞ்ச வெச்சிகினு கேட்டா.

"மூணு விசில்ல நிறுத்துன்னு சொன்னனா இல்லையா?"

"சொன்ன."

"எத்தினி விசில் தெரியுமா? நான் கடையில நின்னுகினு எண்றேன், பதினொண்ணு. அந்த கடைக்காரரே கேக்கறாரு, யாரு வூட்லம்மா இப்பிடி அடிக்கிதுன்னு. தெர்லங்கன்னு சொல்லிட்டு ஓடியாறேன்."

பருப்பு குக்கரோட அடியில பெயின்ட் மாதிரி ஒட்டிகினு இருந்துது. அத ஆடிட்டுக்கு வெச்சா பாஸ் ஆயிருக்கும்.

நான் இன்னும் காது மேட்டர சொல்லல. தூங்கி எழுந்தா சரியாயிடும்னு இருந்தேன்.

சனிக்கெழம எழுந்தேன். சரியாவல.

கம்பெனிக்கு போனேன். சொன்னா நம்ப மாட்டீங்க, அங்க எனக்கு எந்த பிரச்சனையும் இல்ல. எங்க ஷாப்ல அவ்ளோ சத்தம், எல்லாரும் காதுல ப்ளக் சொருகிகினு கை சாடையிலதான் பேசுவோம். கைய வயித்துல வெச்சா சாப்பாடு. கழுத்துல கோடு போட்டா சூப்பர்வைசர் வரான்னு அர்த்தம். நானும் எப்பவும் போல ப்ளக்க உருட்டி, நல்லா அழுத்தி உள்ள தள்ளிகினு நின்னேன். உள்ள ஒரு அடைப்பு, வெளிய ஒரு அடைப்பு. அன்னிக்கி அந்த ஷாப்லயே நிம்மதியா வேல செஞ்ச ஆள் நான்தான்.

கேன்டீன்லதான் மாட்டனேன். ஏழுமலை எதிர்ல ஒக்காந்து இன்னாவோ ரெண்டு நிமிஷம் பேசனான். ஏழுமலை மெயின்டனன்ஸ், என் தோஸ்து. நான் எல்லாத்துக்கும் சிரிச்சேன். அவன் தட்ட தள்ளி வெச்சிட்டு என் காதாண்ட வந்து கத்தனான்.

"எங்க மாமனாரு செத்துட்டாருன்னு சொல்லிகினு கீறேன். இன்னாத்துக்கு சிரிக்கற?"

"டேய், அய்யய்யோ, எப்படா?"

"சாவலடா. நல்லாதான் கீறாரு. நீ ரொம்ப நேரமா மண்டைய ஆட்டிகினே கீற, டெஸ்ட் பண்ணேன். இன்னா காது அவுட்டா?"

மொத்தத்தையும் சொன்னேன். செல்போன் லைட்ட அடிச்சி என் காதுக்குள்ள பாத்தான். ஒரு பைப்ப பாக்கற மாதிரிதான் பாத்தான்.

"மச்சி, ஃபுல் பிளாக். லைன் கிளியர் பண்ணணும்."

மெயின்டனன்ஸ்காரனுக்கு ஒலகத்துல இருக்கற எல்லா வியாதிக்கும் ரெண்டே மருந்து. ஆயில் உடு. இல்லன்னா காத்தடி. ஆயில் உட்டா நேரம் ஆவும்னான். காத்தடிக்கலாம்னான். தகடு மேல இருக்கற தூசிய ஊத ஷாப்ல ஏர் கன் தொங்கிகினு இருக்கும். அமுக்கனா ஒரு நட்டு போல்ட்டு பறந்து போயி செவுத்துல ஒட்டிக்கும். அவ்ளோ ப்ரஷர்.

"கம்மியா வெச்சிகிலாம் மச்சி. லேசா ஒரு டச்சு."

எனக்கும் சரின்னுதான் பட்டுது. இது தப்புன்னு என் மூளையில ஒரு எடத்துலகூட வரல. ஷாப்புக்கு போனா, செவுத்துல எங்க தலைக்கு மேலயே போர்டு கீது. ஒரு மனுஷன் படம், அவன் மேல ஏர் கன், குறுக்க செவப்பு கோடு. அந்த போர்டுக்கு கீழ நின்னுகினு நான் காத காட்டறேன், ஏழுமலை கன்ன எடுக்கறான்.

திடீர்னு கன்ன என் கையில குடுத்துட்டு தூணுக்கு பின்னாடி போயிட்டான்.

இன்னாடா இவன், நானே அடிச்சிக்கணுமான்னு, நானே கன்ன காதாண்ட கொண்டு போறேன். தோள்ல ஒரு கை. திரும்பனா செல்லத்துரை சாரு. எங்க சூப்பர்வைசர், திருநெல்வேலிக்காரரு. அவரு ரொம்ப நேரமா பின்னாடி நின்னு கத்திகினு இருந்தாராம். நாம எங்க கேட்டோம்.

கன்ன புடுங்கினாரு. மூஞ்சி செவந்து கீது. வாயி ஓடுது. எனக்கு வெறும் படம்தான் தெரியுது, சவுண்ட் இல்ல. மறு காதுல ப்ளக் வேற கீது. காது கேக்கலன்னு சொன்னா திங்கக்கெழம மெடிக்கல் காலி. அதனால அவரு நிறுத்தற எடத்துல எல்லாம் பணிவா "ஆமா சார்"னு சொல்லிட்டேன்.

அவரு இன்னா கேட்டாருன்னு தூணு பின்னாடி இருந்த ஏழுமலை அப்பறம் சொன்னான்.

"ஏர் கன்ன ஒடம்புக்கு நேரா காட்டக்கூடாதுன்னு ஒனக்கு தெரியுமா, தெரியாதால?"

"ஆமா சார்."

"சேஃப்டி க்ளாஸ்ல எல்லாரும் கவனிக்கும்போது நீ தூங்கிட்டு கெடந்தியா?"

"ஆமா சார்."

"என்னையப் பாத்தா ஒனக்கு கேணப்பய மாதிரி தெரியுதோ?"

"ஆமா சார்."

அதுக்கப்பறம் அவரு கொஞ்ச நேரம் பேசாம நின்னாரு. அது மட்டும் எனக்கும் தெரிஞ்சிது. கோவம் தணிஞ்சி போச்சு, நல்ல மனுஷன்னு நெனச்சேன்.

"அவரு போறப்ப இன்னா சொன்னாரு?"ன்னு ஏழுமலைய கேட்டேன்.

"திங்கக்கெழம மெடிக்கலுக்கு உன்கூட அவரும் வராராம். பக்கத்துல நின்னு பாக்கணுமாம்."

ஞாயித்துக்கெழம அமுதாகிட்ட மாட்டிகினேன். சோத்துக்கு ஒக்கார சொல்லி அஞ்சாறு வாட்டி கூப்ட்டிருக்கா. வந்து என்ன திருப்பி ஒக்கார வெச்சி, பின்னாடி நின்னுகினு என் பேர சொல்லிகினே ஒவ்வொரு அடியா பின்னால போனா. டேப்பு எடுத்து தரையில அளந்தா. அவ வேல அதான், கையி சும்மா இருக்காது.

காதாண்ட குனிஞ்சி சொன்னா, "ஒரு அடியில பாஸ். மூணு அடியில ஃபெயில். எத்தினி நாளா?"

"வெள்ளிக்கெழமையிலருந்து."

"அப்ப குக்கரு?"

"அதுவும்தான்."

அவளுக்கு கோவம் வர்ல. எனக்கு அதுதான் பயமா இருந்துது. "நாளைக்கு மெடிக்கலுக்கு வர்ற டாக்டருகிட்ட நெஜத்த சொல்லிடு. காது அடச்சிகிச்சு, இன்னொரு நாள் பாக்கறீங்களான்னு கேளு. யாரும் தூக்குல போடமாட்டாங்க."

"சொன்னா லோகுவ போட்டுடுவாங்க."

"சொல்லலன்னாலும் கண்டுபுடிப்பாங்க."

"கண்டுபுடிக்க மாட்டாங்க. எனக்கு ஒரு ஐடியா கீது."

அவ தட்ட எடுத்துகினு போயிட்டா. போறப்ப எதுனா சொல்லியிருப்பா, எனக்கு கேக்கல.

ஐடியா ஏழுமலையோடது. அவன் போன வருஷம் அந்த டெஸ்ட் எடுத்தவன். கண்ணாடி வெச்ச சின்ன ரூம்ல ஒக்கார வெச்சி ஹெட்ஃபோன் மாட்டுவாங்களாம். உள்ள பீப் பீப்னு வருமாம். கேட்டா கையில இருக்கற பட்டன அமுக்கணுமாம். "நீ சவுண்ட கேக்காத மச்சி. வெளிய மெஷின்ல ஒக்காந்துகினு கீறவங்க மூஞ்ச பாரு. பீப் உடறப்ப மூஞ்சில எதுனா ஒண்ணு அசையும். அசைஞ்சா அமுக்கு."

பட்டன் அமுக்கறது என் தொழிலு. நாலு வருஷ சர்வீஸ். மூஞ்ச பாக்கறதும் என் தொழிலுதான், கேன்டீன்ல ஒருத்தர் விடாம எல்லாரு மாதிரியும் நடிச்சி காட்டறவன் நான். இதவிட எனக்குன்னு ஒரு டெஸ்ட் வெக்க முடியாதுன்னு நெனச்சேன்.

திங்கக்கெழம. கம்பெனி வாசல்ல மெடிக்கல் வேன். கண்ணு பாஸ். பிபி பாஸ். காதுக்கு ஒரு பொண்ணு, கழுத்துல ஐடி கார்டு, வேன்ல மெஷின் முன்னாடி ஒக்காந்துகினு இருந்துது. என்ன கண்ணாடி ரூம்ல உட்டு, ஹெட்ஃபோன மாட்டி, கையில பட்டன குடுத்து, கதவ சாத்திட்டு போச்சு. செல்லத்துரை சாரு வேன் படிக்கட்டுல நின்னுகினு இருந்தாரு.

நான் அந்த பொண்ணு மூஞ்சிலருந்து கண்ண எடுக்கல.

பொண்ணு குனிஞ்சி எதையோ பாத்துது. அமுக்கனேன்.

முடிய காதுக்கு பின்னால ஒதுக்கிச்சு. அமுக்கனேன்.

கொட்டாவி உட்டுது. கொஞ்சம் நீளமான பீப் போலன்னு நல்லா அழுத்தி அமுக்கனேன்.

திரும்பி செல்லத்துரை சாருகிட்ட ரெண்டு வார்த்த பேசிச்சு. ரெண்டு அமுக்கு.

தண்ணி பாட்டில தெறந்து குடிச்சிது. மடக் மடக்னு நாலு. நானும் நாலு.

பொண்ணு என்ன பாத்துது. நான் தலையாட்டி சிரிச்சேன், எல்லாம் நல்லா போய்கினு கீதுன்னு. எழுந்து வந்து கதவ தெறந்து, ஹெட்ஃபோன கழட்டி, காதாண்ட குனிஞ்சி கேட்டுது.

"சார், எதுக்கு அமுக்கிக்கிட்டே இருக்கீங்க?"

"பீப் கேட்டுது மேடம்."

"எத்தனை?"

"ஒம்போது மேடம்."

"தெளிவா கேட்டுதா?"

"சுத்தமா கேட்டுது மேடம். கொஞ்சம் சவுண்ட கொறைச்சிகூட வெக்கலாம்."

"சார், நான் இன்னும் மெஷின ஆன் பண்ணவே இல்ல. கரன்ட் வரட்டும்னு உக்காந்திருக்கேன்."

பின்னாடி படிக்கட்டுலருந்து செல்லத்துரை சாரு கத்திதான் சொல்லியிருக்கணும், எனக்கே கேட்டுது. "இவன்கிட்ட என்ன கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவான் மேடம். சனிக்கெழமையே நான் பாத்துட்டேன்."

வேனோட வந்திருந்த டாக்டரம்மாவ கூப்ட்டாங்க. அம்பது வயசு இருக்கும், சத்தமா பேசற அம்மா. பேனா மாதிரி ஒரு கேமராவ காதாண்ட வெச்சி, செல்போன்ல எனக்கே காமிச்சாங்க. செங்கல் சூளையில சூளைய மூடி பூசி வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி இருந்துது. ரெண்டு பக்கமும்.

"பட்ஸ் போட்டியாப்பா?"

"ஆமா மேடம்." இந்த வாட்டி கேள்வி கேட்டுதான் சொன்னேன்.

"எதுக்கு போட்ட?"

"மெடிக்கலுக்கு க்ளீனா இருக்கட்டும்னு."

டாக்டரம்மா கேமராவ கீழ வெச்சாங்க. "இது அழுக்கு இல்லப்பா. தூசி, பூச்சி உள்ள போகாம இருக்க காதே பண்ணிக்கிற மெழுகு. வேல முடிஞ்சதும் தானா கொஞ்சம் கொஞ்சமா வெளிய நகந்து வந்துடும். நீ சாப்புடும்போது தாடை அசையுதுல்ல, அதுவே தள்ளி விட்டுடும். வெளிய கிளம்பி வந்த மெழுக நீ குச்சிய விட்டு மறுபடி உள்ள அனுப்பியிருக்க. மேல ப்ளக்க வேற அழுத்தியிருக்க."

"இப்பவே எடுத்துடுங்க மேடம். வலிச்சா பொறுத்துக்கறேன்."

"கல்லு மாதிரி இறுகியிருக்கு. புடுங்கினா தோலு கிழியும். மொதல்ல ஊறணும்."

அப்பறம் ஒவ்வொண்ணா கேட்டாங்க. வலி கீதா, சீழ் வருமா, தல சுத்துதா, சின்ன வயசுல காதுல ஓட்ட இருக்குதுன்னு யாருனா சொன்னாங்களா, காதுல ஆபரேஷன் எதுனா. எதுவும் இல்லன்னேன். அதெல்லாம் இருந்தா வூட்ல ஒரு சொட்டுகூட உடக்கூடாதாம். இல்லாததால ஒரு சொட்டு மருந்து எழுதி குடுத்தாங்க.

செல்லத்துரை சாரு மெதுவா கேட்டாரு. மெதுவா கேட்டது எனக்கு எப்பிடி தெரியும்னா, டாக்டரம்மா பதில் சொன்னது சத்தமா இருந்துது.

"அடுத்த ஆள இப்பவே கூப்பிட வேணாம். காது நரம்புல கோளாறு இருக்கற மாதிரி தெரியல, அடைப்புதான். சனிக்கிழம மறுபடி வரேன். அன்னைக்கு ஒரு தடவ பாப்பேன். ஒரே தடவ. அன்னைக்கும் இப்படியே வந்தா அடுத்த ஆள பாத்துக்குங்க."

அப்பறம் எங்கிட்ட திரும்பி, வெரல ஆட்டி சொன்னாங்க. "அதுவரைக்கும் உன் காதுக்குள்ள இந்த சொட்டு மருந்த தவிர எதுவும் போகக்கூடாது. எதுவும்."

படிக்கட்டுல எறங்கறேன், கீழ லோகு நின்னுகினு இருக்கான். "இன்னாண்ணே, முடிஞ்சிச்சா?"ன்னு கேட்டான். அவன் கண்ணு என் மேல இல்ல. தூரத்துல நின்னுகினு இருந்த ஃபோர்க்லிஃப்ட் மேல இருந்துது.

அமுதா அன்னிக்கே வூட்ட கன்ட்ரோல்ல எடுத்துகினா. பட்ஸ் டப்பா குப்பைக்கு போச்சு. ஊக்கு, ஹேர்பின்னு, தீப்பெட்டி, ஊதுவத்தி, ரீஃபில் தனியா இருக்கற பேனா, எல்லாத்தையும் ஒரு டப்பால போட்டு பூட்டிட்டா. வண்டி சாவியும் அவகிட்டதான். காலையில கெளம்பறப்ப வாசல்ல நின்னு கைல குடுப்பா, சாயங்காலம் வந்து எறங்கனதும் கைய நீட்டுவா. ஃப்ரிட்ஜ் மேல ஒரு பேப்பர் ஒட்டியிருந்தா. கெழம, காலையா சாயங்காலமா, வலதா இடதா, கையெழுத்து.

சொட்டு உடறதுக்கு முன்னாடி பாட்டில அஞ்சி நிமிஷம் உள்ளங்கையில வெச்சிகினு இருப்பா. சூடு பண்ணக்கூடாதாம், ஜில்லுனும் உடக்கூடாதாம், உட்டா தல சுத்தும். ஒடம்பு சூடுதான் அளவு. அப்பறம் நான் அவ மடியில ஒருக்களிச்சி படுக்கணும். காத லேசா மேல, பின்பக்கமா இஸ்து புடிச்சி சொட்டு உடுவா. பத்து நிமிஷம் அசையாம கெடக்கணும். எழுந்தா வெளிய வழியறத மட்டும் துணியில ஒத்தி எடுப்பா. உள்ள தொடறது கெடையாது. அப்பறம் மறு பக்கம்.

செவ்வாக்கெழம இன்னா ஆச்சுன்னா, காது சுத்தமா போயிடுச்சு. இருந்த கொஞ்சநஞ்சமும் கேக்கல. மருந்து தப்புன்னு நான் குதிச்சேன். அமுதா சீட்ட என் மூஞ்சிக்கு நேரா புடிச்சா. "மெழுகு ஊறி உப்பும், ரெண்டு மூணு நாள் அதிகமா அடைக்கும், பயப்பட வேண்டாம்"னு டாக்டரம்மா எழுதியே குடுத்திருக்காங்க. நான்தான் படிக்கல.

புதன்கெழம ஏழுமலை ஒரு வீடியோ அனுப்பினான். ஒரு ஆள படுக்க வெச்சி காதுல மெழுகுவத்திய நட்டு கொளுத்தறாங்க. அழுக்க அப்பிடியே இஸ்துக்குமாம். அமுதாகிட்ட காட்டனேன். அவ ஏழுமலைக்கே ஃபோன் போட்டு, "அண்ணே, மொத உங்க காதுல கொளுத்துங்க, ரிப்போர்ட் அனுப்புங்க, அப்பறம் பாப்போம்"னு சொல்லிட்டா.

வியாழக்கெழமதான் கஷ்டம். அரிப்பு. உள்ள, ரொம்ப உள்ள, எறும்பு ஊர்ற மாதிரி. காத வெளியில தேச்சேன். தலைய ஆட்டனேன். கட்டில் காலுல காத வெச்சி தேச்சேன். அடங்கல. அமுதா குளிக்க போயிருந்தா. அவ ஹேண்ட்பேக்ல நாலு ஹேர்பின்னு கெடச்சிது.

ஒண்ண எடுத்துகினு நின்னேன். ஒரே ஒரு சுத்து. யாருக்கு தெரியப்போவுது?

அப்பதான் லோகு அன்னிக்கி மத்தியானம் கேட்டது ஞாபகம் வந்துது. காதாண்ட வந்து கத்திதான் கேட்டான், அவனும் நல்ல பையன்தான். "ஏண்ணே, அந்த ஃபோர்க்லிஃப்ட் சீட்டு நல்லா மெத்துனு இருக்குமாமே, நெஜமா?"

ஹேர்பின்ன எடுத்த எடத்துலயே வெச்சிட்டேன். என் வாழ்க்கையில நான் செஞ்ச பெரிய தியாகம் அதுதான்.

அமுதா வந்து பேக்க தெறந்து பாத்தா. எண்ணனா. நாலு இருந்துது. என்ன ஒரு பார்வ பாத்துட்டு, ஃப்ரிட்ஜ் பேப்பர்ல சின்னதா ஒரு டிக் போட்டா. அந்த நாலு பின்னையும் அவளேதான் அங்க வெச்சிருந்தான்னு அப்பதான் புரிஞ்சிது.

அந்த அஞ்சி நாளும் ஒண்ணு கவனிச்சேன். சொட்டு உட்டுட்டு பத்து நிமிஷம் சும்மா இருக்க மாட்டா. பேசிகினே இருப்பா. அவ ஒரு கம்பெனி, நான் ஒரு கம்பெனி, கல்யாணம் ஆனதுலருந்து ஒரு நாளைக்கு இருவது நிமிஷம் ஒரே எடத்துல ஒக்காந்ததில்ல. எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா அவ பேசறது அவ மடியில அதிருது. நான் நடுநடுவுல தலையாட்டிகினேன்.

சனிக்கெழம. வேன்ல டாக்டரம்மா கேமராவ வெச்சி பாத்தாங்க. "நல்லா ஊறிடுச்சு. தொடலியே?" "தொடல மேடம்." வெதுவெதுப்பா தண்ணிய ஒரு சிரிஞ்சில எடுத்து மெதுவா உள்ள அடிச்சாங்க. கீழ ஒரு கிண்ணம். இத வூட்ல நீயா செய்யாதன்னு அதையும் சொல்லிகினேதான் செஞ்சாங்க.

கிண்ணத்துல விழுந்துது. புளியங்கொட்ட சைசு. மறு பக்கம் அதவிட கொஞ்சம் பெருசு.

ஒலகம் தெறந்துகிச்சு.

டாக்டரம்மா பேப்பர்ல எழுதறது கேட்டுது, பேனா கிரிச் கிரிச்னு. வேன்ல ஃபேன் கடகடங்குது. படிக்கட்டுல நின்னுகினு இருந்த செல்லத்துரை சாரு வயிறு கொர்ருங்குது, மனுஷன் காலையில எதுவும் சாப்புடல. அத அவருகிட்ட சொன்னேன். "மேடம், இவனுக்கு கேக்குது"ன்னு அவரே சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டாரு.

கண்ணாடி ரூம்ல அதே பொண்ணு. இந்த வாட்டி என்ன செவுத்த பாத்து திருப்பி ஒக்கார வெச்சிது. "மெஷின் ஆன் பண்ணிட்டேன் சார்"னு வேற சொல்லிட்டு போச்சு. உள்ள கொசு பேசற மாதிரி ஒரு பீப். அமுக்கனேன். அதவிட சின்னதா ஒண்ணு. அமுக்கனேன். ஒரு எடத்துல ரொம்ப நேரம் எதுவும் வர்ல. கை பரபரங்குது. அமுக்கல. அப்பறம் வந்துது, அமுக்கனேன்.

ஃபிட்.

டாக்டரம்மா கையெழுத்து போடறப்ப கேட்டாங்க. "இனிமே காத என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன் மேடம்."

"குளிச்சா?"

"வெளிய மட்டும் துண்டுல தொடைப்பேன்."

"ப்ளக்கு?"

"கை கழுவிட்டு போடுவேன். அழுக்கானா மாத்திடுவேன். ஆணி மாதிரி அடிக்க மாட்டேன்."

"மறுபடி அடைச்சா?"

"சொட்டு மருந்து. இல்ல உங்ககிட்ட வந்துடுவேன். ஏழுமலைகிட்ட போவ மாட்டேன்."

"ஏழுமலை யாரு?"

"அவரு வேற டிபார்ட்மென்ட் மேடம்."

சாயங்காலம் வூட்டுக்கு போயி ஃபிட் பேப்பர அமுதாகிட்ட குடுத்தேன். ரெண்டு பக்கமும் திருப்பி பாத்தா, சீல் கீதான்னு பாத்தா, வண்டி சாவிய என் கையிலயே உட்டுட்டா. அப்ப கேட்டேன்.

"ஏம்மே, அஞ்சி நாளா மடியில போட்டுகினு இன்னாவோ பேசிகினே இருந்தியே, இன்னா அது?"

"அதுவா? உன் மேல இருந்த கம்ப்ளைன்ட் எல்லாத்தையும் வரிசையா சொன்னேன். ஒண்ணுத்துக்கும் நீ எதுத்து பேசல, எல்லாத்துக்கும் மண்டைய ஆட்டன. மொத்தத்தையும் க்ளோஸ் பண்ணிட்டேன்."

"நான் ஒத்துகினேனா? எதுக்கெல்லாம்?"

"க்ளோஸ் ஆன கம்ப்ளைன்ட்ட மறுபடி தெறக்க மாட்டோம்."

இப்ப ஃபோர்க்லிஃப்ட்லதான் கீறேன். சீட்டு மெத்துனுதான் கீது, லோகுகிட்ட மட்டும் சுமாரா கீதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

நாலு வருஷம் கை ஒடிய ஒழச்சி கெடைக்காத வேல, அஞ்சி நாளு கைய கட்டிகினு சும்மா இருந்ததுக்கு கெடச்சிது.